காதில் சொல்ல ஒரு பேர்

தாமு வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபது. "இன்னாண்ணே, காலையிலேயே? விசேஷமா?" என்றான். பூங்காவனம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். தாமு அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தினான், இனிமேல் ஆட்டவும் முடியாது. பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் நல்ல நேரம். அதற்குள் முப்பது நாள் பேரனைத் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் இவர். என்ன பேர் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவர்கள் பக்கத்து வழக்கம் அப்படி, தொட்டிலைச் சுற்றி நூறு பேர் நின்று நூறு பேர் சொன்னாலும், தாத்தா குனிந்து காதில் முதலில் எதைச் சொல்கிறாரோ அதுதான் பேர், அப்புறம் நகராட்சியில் போய் எழுதுவதும் அதைத்தான். மருமகன் யுவராஜின் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, அவர் பேரையும் மூத்த மகனின் பையனுக்கு வைத்தாயிற்று. ஆக, இந்தப் பேரனுக்குக் குனிய வேண்டிய முதுகு இவருடையது. முந்தாநாள் மகள் ஹேமா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள்: "நீ உன் பேரைத்தாம்ப்பா சொல்லணும். வேற எதையாவது சொன்ன, நான் உங்கூடப் பேசமாட்டேன்." நேற்றுச் சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டுத் தேனாகப் பேசினாள்: "தர்ஷித்துன்னு வெச்சிடலாம் அண்ணா. பையன் சிவப்பா கீறான், பொருத்தமா இருக்கும்." சிவப்புக்கும் தர்ஷித்துக்கும் என்ன பொருத்தம் என்று அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருடைய ஓட்டும் சம்பந்தியம்மாவுக்குத்தான். அதை ஹேமாவிடம் எப்படிச் சொல்வது?

தாமு தண்ணீரைப் புஸ்ஸென்று அடித்தான். ஜில்லென்று நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு ஒரு சொட்டு வந்து நின்றது, கையெல்லாம் துணிக்குள் மாட்டிக்கொண்டதால் துடைக்க வழியில்லை. கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக அரக்கோணத்தில் லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை, அடிபட்டு வருகிற கதவையும் மட்கார்டையும் தட்டித்தட்டி நிமிர்த்துகிற ஆள், தோள் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது, மீசை இரண்டு பக்கமும் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பேர் பூங்காவனம். இதை ஒருவரும் நம்புவதில்லை. போன மாதம்கூட ஏதோ கடன் கார்டு விற்கிற பெண் போனில் கூப்பிட்டு, பூங்காவனம் மேடம் இருக்காங்களா என்றாள், மேடம் குளிக்கிறாங்கம்மா என்று தன் தகரக் குரலில் சொல்லி வைத்தார், எப்ப வருவாங்க என்றாள், இப்பத்தான் தலைக்கு ஊத்தினாங்க, காய லேட்டாகும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாணிக்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். மாணிக்கம் என்பது அவர் மனைவி. அதையும் ஒருவரும் நம்புவதில்லை. வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஐம்பத்தொன்பது வயசுக்கு மேல் எல்லாமே வேடிக்கைதான், ஆனால் முப்பது வயசில் அப்படி இருந்ததா, பையன்களுக்கு ஆறு வயசில் அப்படி இருக்குமா? அங்கேதான் மனசு போய் மாட்டிக்கொள்கிறது, எடுத்து விட்டால் மறுபடி அங்கேயே போகிறது.

எப்போது நடந்தது இது, அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் நாலாம் வகுப்பு படித்தபோது ஆஜர் எடுக்கிற வாத்தியார் எம். பூங்காவனம், கே. பூங்காவனம், டி. பூங்காவனம் என்று மூன்று பேரைக் கூப்பிடுவார், மூன்றும் டவுசர் போட்ட பையன்கள், மூன்றும் உள்ளேன் ஐயா. எம். பூங்காவனம் பட்டாளத்துக்குப் போனான். கே. பூங்காவனம் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான், கை கூடியதும் அதே மரத்தில் ஏறினான். அதற்கு மேலே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற கட்டைப் பூங்காவனம் என்று ஒருத்தர் இருந்தார், ஒரே நேரத்தில் இரண்டு அரிசி மூட்டை சுமப்பார், அவர் தெருவில் நடந்தால் நாய் ஒதுங்கும். சின்ன வயசில் தன் பேரைச் சொல்லும்போது மனசில் அந்தக் கட்டைப் பூங்காவனத்தின் முதுகுதான் வரும். அம்மா பூங்காவனத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, ஆணோ பெண்ணோ உன் பேர்தான் என்று சொல்லிவிட்டாள், யாருக்கும் அதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று? கட்டைப் பூங்காவனம் செத்தார். பட்டாளத்தான் திரும்பி வரவில்லை, ஏதோ வடக்கே குடும்பமாகிவிட்டான். புதிதாகப் பிறந்த பையன்களுக்கு ரமேஷ் வந்தது, சுரேஷ் வந்தது, அப்புறம் விக்னேஷ் வந்தது, பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பூங்காவனம் பூங்காவனம் என்று வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் ரேஷன் கடையில் பூங்காவனம் என்று கூப்பிட்டதும் நாலு பெண்கள் திரும்பினார்கள், அவரும் திரும்பினார், நாலு பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யாருக்கு வாங்க வந்தீங்க என்பது போல. அவர் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார், பேர்தான் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் புடவை கட்டிக்கொண்டது.

"கிருதா எடுக்கட்டுமாண்ணே?" ம். கத்தரி காதோரம் சீக்சீக்கென்று ஓடியது. கல்யாணப் பத்திரிகை ஞாபகத்துக்கு வந்தது, வராமல் இருக்குமா, நல்ல நாளும் அதுவுமாக. அச்சகத்துக்காரர் நல்ல மனுஷன், தவறென்று சொல்வதற்கில்லை. எழுதிக் கொடுத்த தாளில் மாணிக்கம், பூங்காவனம் என்று இரண்டு பேர் இருந்தது, யார் மாப்பிள்ளை யார் பெண் என்று கேட்கிற அளவுக்கு அதில் சந்தேகம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. திருவளர்ச்செல்வன் மாணிக்கம், திருவளர்ச்செல்வி பூங்காவனம். முந்நூறு பத்திரிகை, மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து. மாமனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திரும்ப அடிக்க நேரமில்லை, பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள், அப்படியும் நாற்பது ஐம்பது திருத்தாமலே போய்விட்டது. சோளிங்கரிலிருந்து வந்த ஒரு பெரியப்பா மேடை ஏறி மாப்பிள்ளையைப் பார்த்து, மாணிக்கம், நல்லா இருப்பா என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டு விபூதி பூசினார். பக்கத்தில் தலை குனிந்து நின்ற பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதுதான் அவளை அவர் நேராகப் பார்த்த முதல் தடவை. திருத்தாத பத்திரிகை ஒன்றை அவள் இன்னும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். சண்டை வந்தால் எடுத்துக் காட்டுவாள், பாரு, இந்த ஊட்ல நாந்தான் மாப்பிள்ளை.

அவளுக்கு அது ஒரு நாளும் உறுத்தவில்லை, ஏன் என்று அவர் யோசித்ததுண்டு. ஆண் பேரைப் பெண் வைத்துக்கொண்டால் ஒரு கம்பீரமாகிவிடுகிறது, பெண் பேரை ஆண் வைத்துக்கொண்டால் மட்டும் ஏன் இளக்காரமாகிறது, இது என்ன நியாயம், யாரிடம் போய்க் கேட்பது. பட்டறையில் ஒரு பெயிண்டர் புதிதாக வந்து சேர்ந்தான். வந்த மூன்றாம் நாள் பேர் என்னண்ணே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாலாம் நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். அக்கா, சுத்தியல எடு. அக்கா, டீ வந்துச்சி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் இன்னும் கூடுதலாகச் சிரிப்பார்கள். அந்த மாதம்தான் மீசை வளர்க்க ஆரம்பித்தார். மீசை வளர்ந்தது, அக்கா போகவில்லை, மீசை வெச்ச அக்கா ஆனது. வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை, மாணிக்கம் கேட்டால் ஒன்றுமில்லை, ஹேமா மடியில் ஏறினால் இறக்கி விட்டார். நசுங்கின தகரத்துக்குப் பின்பக்கம் ஒரு கையைக் கொடுத்து முன்பக்கம் தட்டினால் நிமிர்ந்துவிடும். பேருக்குப் பின்பக்கம் எங்கே இருக்கிறது, கையை எங்கே கொடுப்பது? இரண்டு வருஷம். அவர் மாணிக்கத்திடம் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, ஒரு நாள் மத்தியானம் தூக்குவாளியோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். நேராக அந்தப் பெயிண்டரிடம் போய், "ஏம்ப்பா, என் ஊட்டுக்காரரக் கூப்பிடு" என்றாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, யாரும்மா, பேரு சொல்லு என்றான். "அவரு பேரு உனக்கே தெரியும். என் பேரு மாணிக்கம். ஆம்பளப் பேரு. அவர அக்கான்றியாமே, என்ன அண்ணேன்னு கூப்பிடு. கூப்பிட்டா உனக்கும் சோறு போடறேன், கருவாட்டுக் கொழம்பு." பட்டறையே கொல்லென்று சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. பெயிண்டர் தலையைச் சொறிந்தான், கடைசியில், போடுண்ணே என்று தட்டை நீட்டினான். அன்றோடு அக்கா ஒழிந்தது. அவனே மறு வருஷம் தன் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டான், மரியாதையாக. மீசை மட்டும் நின்றுவிட்டது, வந்த வேலை முடிந்தும் கிளம்பாத விருந்தாளி மாதிரி.

ஆனால் பேரனுக்கு மாணிக்கம் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் தூக்குவாளி எடுத்துக்கொண்டு போக முடியுமா? எல்.கே.ஜி.யில் மிஸ் ஆங்கிலத்தில் கூப்பிடுவாள், பூங்காவனம், பெண்கள் வரிசையில் தேடுவாள். பையன் இந்தப் பக்கத்திலிருந்து கை தூக்குவான், அந்தச் சின்னக் கை. நேற்று அந்தக் கை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தது, நகம் ஒவ்வொன்றும் அரிசியில் பாதி. முப்பது பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அவன் தர்ஷித் என்றால் ஒருத்தனும் திரும்பமாட்டான், ஒரு வகுப்பில் நாலு தர்ஷித் இருப்பான், கூட்டத்தோடு கூட்டமாக நிம்மதியாக இருப்பான். அதுதானே வேண்டும். ஹேமாவுக்குப் புரியாது. அவளுக்கு அப்பா பேர் என்றால் அப்பா, தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போன அப்பா, அந்தப் பேரை அவள் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள், உள்ளே குடியிருந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அப்பா என்று போன் பண்ணுவாள். ஆகட்டும். தர்ஷித். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாக்கு மேல் அண்ணத்தில் பட்டு நின்றது, புதுச் செருப்பு மாதிரி. பழகிவிடும். "இன்னாண்ணே முணுமுணுக்கிற?" ஒன்றுமில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, தர்ஷித்துக்குச் சாதகமாக. மாணிக்கம் எப்படிக் கூப்பிடுவாள்? அவள் அவர் பேரைச் சொல்லமாட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. ஹேமா பிறக்கிற வரைக்கும், இதோ பாரு, இன்னாங்க. பிறந்த பிறகு, ஹேமாப்பா. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி வைத்தது, மற்ற எதிலும் அம்மா பேச்சைக் கேட்டவளில்லை, இதில் மட்டும் கல்லு. கணக்கெடுக்க வந்த ஒரு சார் குடும்பத் தலைவர் பேர் என்ன என்றார். பூ நெறைய இருக்கிற எடம் சார், என்றாள். மார்க்கெட்டா? இல்ல சார், மரமும் இருக்கும். தோட்டமா? கிட்ட வந்துட்டீங்க. அந்த மனுஷன் பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார். உள்ளேயிருந்து நாலு வயசு ஹேமா ஓடி வந்து பூங்காவனம் சார், என்று கத்தினாள். எதிர்வீட்டு இட்லிக்காரம்மா பேரும் பூங்காவனம்தான், மாணிக்கத்துக்கு அவள் என்றைக்கும் இட்லிக்காரம்மா. கோயிலுக்குப் போவதைக்கூட நம்ம அம்மன் கோயில் என்பாள், அம்மன் பேரைச் சொன்னால் இவர் ஆயுசில் ஒரு நாள் போய்விடுமே. அப்படிப்பட்டவள் பேரனை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? ஐயா, ராஜா, சின்னவனே என்று வாழ்நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பாளா? பாட்டி வாயால் தன் பேரைக் கேட்காமலே ஒரு பிள்ளை வளர்வதா? வேண்டாம். தர்ஷித்துதான். முடிந்தது.

முடியவில்லை. தாமு நுரையைத் தடவி, தலையைப் பின்னால் சாய்த்து, கத்தியைத் தொண்டைக்குக் கீழே வைத்தான். இப்போது மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். கண்ணை மூடினால் அந்தக் குரல் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் பேரைப் பார்த்துவிட்டுப் பெண்கள் வார்டில் படுக்கை போட்டு வைத்திருந்தார்கள், அது தனிக் கூத்து, இவரைக் கண்டதும் பத்துப் பெண்கள் போர்வையை இழுத்து மூடினார்கள். அதை விடு. மயக்க மருந்து தெளிகிற நேரம், ஆழமான கிணற்றுக்குள்ளே கிடப்பது போல இருந்தது, குளிர், கை கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அப்போது யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பூங்காவனம், பூங்காவனம். அதட்டுகிற குரல் இல்லை, ஆஜர் எடுக்கிற குரல் இல்லை, நாலு பெண்களையும் சேர்த்துக் கூப்பிடுகிற குரலும் இல்லை. இவரைத்தான், இவர் ஒருத்தரைத்தான் கூப்பிட்டது. அந்தப் பேர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்கு அதற்கு முன் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறி வந்தார். கண்ணைத் திறந்தால் மாணிக்கம் நிற்கிறாள், கண் சிவந்திருக்கிறது. நீயா கூப்பிட்ட, என்றார். நானா? நர்சு கூப்பிட்டிருக்கும், பேசாத படு, என்றாள். நர்சு வந்தபோது கவனித்துக் கேட்டார். அது கீச்சுக் குரல். அப்புறம் எட்டு வருஷமாக, அது யார், யார் என்று ஒரு முள் உள்ளே கிடக்கிறது, பெரிதாக வலிக்காது, புரண்டு படுத்தால் தெரியும். மருந்து மயக்கத்தில் ஏதாவது கேட்டிருக்கும். செத்துப்போன அம்மாவாக இருக்கும். அம்மா குரல் அப்படி இருக்காது, அம்மா எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். கத்தி தாடைக்கு ஏறியது. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டால் போதும். இந்த ஆசையை யாரிடம் சொல்வது, பேரன் எடுத்த வயசில்?

"மீசைக்கு டை அடிச்சிடலாமாண்ணே? போட்டோவெல்லாம் எடுப்பாங்க." தாமு மீசையைச் சீப்பால் தூக்கிக் காட்டினான். பூங்காவனம் கண்ணாடியைப் பார்த்தார். நேற்றுப் பிள்ளையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தபோது மீசை குத்தி அது வீலென்று அலறியது, கண்ணில் நீர் வராத அழுகை, உதடு மட்டும் கோணிக்கொண்டது, ஹேமா பிடுங்கிக்கொண்டாள். இன்றைக்குக் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். காதோ பூ மாதிரி மடிந்து கிடக்கிறது, அதற்குள் இந்த விளக்குமாற்றைக் கொண்டுபோய் நுழைத்தால் என்ன ஆகும், முதல் தடவை சொல்லும்போதே அலறினால் இரண்டாவது எங்கே சொல்வது. "எடுத்துடு" என்றார். "ஓரத்துலயா?" "முழுசா." தாமு கத்தியைக் கீழே வைத்துவிட்டான். இருபத்தைந்து வருஷ மீசைண்ணே, நாந்தான் தண்ணி ஊத்தி வளர்த்த மாதிரி பார்த்துக்கினேன், அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, என்று கெஞ்சினான். எடுடா என்றார். நாலு இழுப்பு. மூக்குக்குக் கீழே வெளுப்பாக ஒரு பட்டை, சின்ன வயசிலிருந்து வெயில் படாத இடம் போல. காற்று பட்டதும் கூசியது. கண்ணாடியில் டி. பூங்காவனம், நாலாம் வகுப்பு, கொஞ்சம் தொப்பையோடு.

வீட்டு வாசலில் சாமியானா போட்டு நாற்காலி போட்டாகிவிட்டது. அவர் உள்ளே நுழைந்ததும் ஒரு நொடி யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் ஹேமா, ஐயோ அப்பா, என்று வாயைப் பொத்தினாள். யுவராஜ் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். மாணிக்கம் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், தோள் குலுங்க ஆரம்பித்தது. மேடையில் குலுங்கிய அதே தோள். "இப்பத்தான் பத்திரிகையில போட்ட மாதிரியே கீற" என்றாள். சிரிப்பு அடங்கினதும் பக்கத்தில் வந்து, விரலால் அந்த வெளுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், எல்லோர் முன்னாலும், ஒரு கூச்சமும் இல்லாமல். அப்புறம் தொட்டில் கட்டினார்கள், பழைய சிவப்புப் பட்டில். பிள்ளையைக் கிடத்தினார்கள். அது தூங்கவுமில்லை, அழவுமில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா இந்தப் பக்கம், ஹேமா அந்தப் பக்கம், இரண்டு பேரும் அவருடைய வாயையே பார்த்தார்கள், இப்போது அதை மறைக்க ஒன்றும் இல்லை. தர்ஷித், தர்ஷித் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பேர் தயாராக இருந்தது. ஹேமா கண்ணில் நீர் கட்டி நின்றது. அப்பா எதைச் சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, பெற்ற பெண்ணிடம் முகத்தை எப்படி ஒளிப்பது. மாணிக்கம் டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லு ஹேமாப்பா, நேரம் ஆவுது. நீ எதச் சொன்னாலும் நான் கூப்பிடுவேன்" என்றாள்.

எதைச் சொன்னாலும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தார், முதுகு வலித்தது, பிள்ளையின் தலையில் பால் வாசமும் பவுடர் வாசமும் கலந்து வந்தது, காது அவ்வளவு கிட்டத்தில் ஒரு கிராம்பு டப்பா மூடி அளவுக்கு இருந்தது. வாயைக் கொண்டுபோனார், குத்தவில்லை, பிள்ளை அழவில்லை. பூங்காவனம், என்றார். சொன்னதும் அவருக்கே புதிதாக இருந்தது. இந்தப் பேரை இத்தனை வருஷத்தில் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறார், ரேஷன் கடையில், பாங்கியில், ஆஸ்பத்திரியில், எல்லாம் தன்னைப் பற்றிய சமாதானமாகத்தான், ஆமாங்க, ஆம்பளதாங்க, என் பேருதாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இன்னொருத்தனைப் பார்த்துக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. பூங்காவனம், என்றார் இரண்டாவது தடவை, கட்டைப் பூங்காவனத்தையும் நினைத்துக்கொண்டு. பூங்காவனம். மூன்றாவது தடவை சொன்னபோது எழுத்துகள் சரியாக வரவில்லை, பிள்ளை பொருட்படுத்தவில்லை, கொட்டாவி விட்டது. ஹேமா அழுதுகொண்டே சிரித்தாள். இன்னா பேரு, இன்னா பேரு, என்று பின்னாலிருந்து கேட்டார்கள். ஹேமா உரக்கச் சொன்னாள். சம்பந்தியம்மா, "பொண்ணு பேரா கீதேம்மா" என்றாள். "இப்ப பையன் பேரு அத்தை" என்றாள் ஹேமா. சம்பந்தியம்மாவும் கெட்டவள் இல்லை, பெருமூச்சு விட்டுவிட்டு, வரிசையில் வந்து, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, பூங்காவனம், என்று காதில் சொன்னாள், கொஞ்சம் வருத்தமாக. ஒவ்வொருத்தராக வந்து சொன்னார்கள். கடைசியில் மாணிக்கம். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தாள். பூங்காவனம் ஒரு அடி முன்னால் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வாசலில் உட்கார்ந்திருந்த நாயனக்காரர் பாழாய்ப் போன வாத்தியத்தை அந்த நேரம் பார்த்துத்தான் எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்ததும், "சொன்னியா?" என்றார். "சொன்னேனே. உனக்கா சொன்னேன், அவனுக்குச் சொன்னேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைய ஒன்றரை ஆனது. பூங்காவனம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு நாற்காலி, வாடகைக்காரன் மூன்று மணிக்கு வருவான். மேலுதடு இன்னும் கூசியது. அடிக்கடி கை அங்கே போய், ஒன்றுமில்லாததைத் தடவிவிட்டுத் திரும்பியது. தப்புப் பண்ணிவிட்டோமோ, என்று நினைத்தார். எல்.கே.ஜி. மிஸ் மறுபடி வந்தாள், முப்பது பிள்ளைகள் மறுபடி திரும்பினார்கள், பையன் கை தூக்கினான். வரட்டும், சேர்ந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது இரண்டு பேர் இருக்கிறோமே. உள்ளே ஹேமா குளிக்கப் போயிருந்தாள். பிள்ளை தொட்டிலில் எழுந்து சிணுங்கியது, சிணுங்கல் அழுகையானது, அழுகை ஓங்கியது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. "பூங்காவனம்" என்று குரல் வந்தது. "பூங்காவனம், இதோ கீறேன், எங்கயும் போவலடா." அதட்டாத குரல். ஒருத்தரை மட்டும் கூப்பிடுகிற குரல். கையில் பிடித்த நாற்காலியோடு அவர் அப்படியே நின்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றுக்குள் இறங்கி வந்து அவரைப் பிடித்துத் தூக்கிய அதே குரல், ஒரு எழுத்து மாறவில்லை. நர்சு இல்லை. அம்மா இல்லை. "பூங்காவனம்" என்றது மறுபடி. "தோ வந்துட்டேன்" என்றார் வாய் தவறி, உரக்க. உள்ளே பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டது. அப்புறம் மாணிக்கத்தின் குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது.

"உன்ன இல்ல."